அணைத்து வைத்த மானிட்டரும் என் அழகான பக்கமும்

நாமக்கல்லில் முட்டை வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதில் காசு உண்டு, மரியாதை கிடையாது. இரண்டுமே இல்லாத வேலை இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது.

லினக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கையேட்டுப் பக்கம் உண்டு. கறுப்புத் திரையில் மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாக ஓடும். அதை எழுதும் குறிமொழி என்னைவிடச் சற்று மூத்தது. மூட்டுவலியில் இருவரும் ஒரே நிலை. அந்தப் பக்கங்களை உலாவியில் படிக்கத் தோதாக வலைப்பக்கங்களாக மாற்றித் தரும் சிறு மென்பொருள் ஒன்றைப் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். அதை எழுதியவன் நானல்ல. எப்போதோ ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினேன். அதன் உரிமையாளர் நன்றி சொன்ன கையோடு மொத்தத்தையும் என் பேருக்கு எழுதிவிட்டுக் காணாமல் போனார். பேருந்தில் 'கொழந்தையக் கொஞ்சம் புடிங்க' என்று மடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனவர் மாதிரி.

என் மனைவி விடுதிப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். "ஏனுங்க, சம்பளம் இல்லாத வேலைக்கு லீவாச்சும் உண்டுங்களா?" என்று ஒரு முறை கேட்டாள். கணக்குக்காரர்கள் இப்படித்தான், விடை தெரிந்த கேள்வியாகவே கேட்பார்கள்.

போன மழைக்காலத்தில் எனக்கு அழகுணர்ச்சி வந்தது. இந்த வயதில் மற்றவர்களுக்குத் தலைச்சாயமாக வருவது எனக்கு வலைப்பக்கத்தில் வந்தது. தலைப்புகளை அடர்நீலத்தில் பெரிதாக்கி, அடியில் மெல்லிய கோடு இழுத்தேன். பக்கவாட்டில் விரிந்து சுருங்கும் மெனு ஒன்று வைத்தேன். நாளெல்லாம் அதை விரித்துச் சுருக்கி விளையாடிவிட்டுப் புதிய பதிப்பாக வெளியிட்டேன்.

சில வாரங்களில் தமிழில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதுவே அதிசயம், என் மென்பொருளைத் திட்டுகிறவர்கள் வழக்கமாகக் கடல் தாண்டி இருப்பவர்கள். "புதிய பதிப்பில் தலைப்புகள் இல்லை. உடனே சரிசெய்ய முடியுமா? நான் பள்ளிபாளையம். நீங்கள் நாமக்கல் என்று உங்கள் பக்கத்தில் இருந்தது" என்று எழுதியிருந்தார்.

திறந்து பார்த்தேன். தலைப்புகள் யானை சைசில் நின்றன. எங்கள் தொழிலில் இதற்கென்று ஒரு பதில் தயாராக இருக்கும்: எந்த உலாவி, எந்தப் பதிப்பு, ஸ்கிரீன்ஷாட் அனுப்பவும். அனுப்பினேன். அவரும் உடனே படம் அனுப்பினார். படத்தில் என் பக்கம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. "பார்த்தேன், எல்லாம் அழகாகத் தெரிகிறதே" என்று எழுதினேன்.

பதில் வந்தது: "அப்படிங்களா, சந்தோசம். எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

மின்னஞ்சலின் அடியில் அவருடைய எண் இருந்தது. உடனே போன் செய்தேன்.

முப்பது வயதுக் குரல். மில் ஒன்றில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சீட்டில் இருந்தவர், தானாகவே லினக்ஸ் படித்து, கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லி மேனேஜரை நச்சரித்து, ஒரு மாதம் சோதனைக்கு இடம் வாங்கியிருக்கிறார். அந்த அலுவலகத்தின் கையேட்டுப் பக்கங்கள் என் மென்பொருளில் உருவானவை. பாதி மாதத்தில் என் அழகு போய் இறங்கியிருக்கிறது.

"திங்கக்கெழம மேனேஜர் பக்கத்துல உக்காந்து பாக்கறாருங்ணா. சரியில்லீன்னா மறுக்கா எக்ஸ்சேஞ்சு சீட்டுக்கே போவோணும்."

"பழைய பதிப்பையே போடச் சொல்லுங்களேன். நானே உங்க ஆபீசுக்கு எழுதித் தரேன்."

"வேண்டாங்ணா. ஒருத்தனுக்கோசரம் எல்லாத்தையும் மாத்தணுமாம்பாங்க. அந்தப் பேச்சு வந்துட்டா அப்பறம் என்ன பண்ணுனாலும் அதேதான் நிக்கும். நீங்க எல்லாருக்கும் சரியாப் போடுங்க, எனக்கும் வந்துரும். ஞாயித்துக்கெழம ராத்திரி சர்வர் தானா அப்டேட் எடுத்துக்கும்."

சரியாகப் போட வேண்டுமென்றால் முதலில் எது தப்பென்று எனக்குத் தெரிய வேண்டுமே. ஞாயிறு காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோடு வழியாகப் பள்ளிபாளையம் பஸ் ஏறினேன்.

விசைத்தறிகள் தடதடக்கும் சந்தில் அவர் வீடு. அவருடைய அக்கா கதவைத் திறந்தார். உள்ளே மேசை மேல் கணினி. தம்பி விறுவிறுவென்று விசைகளைத் தட்டிக்கொண்டிருக்க, மானிட்டர் அணைந்து கிடந்தது. அதன் மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"ஆன் பண்ணட்டுங்களா? நாங்க போடறதில்லீங்" என்றார் அக்கா.

"இருக்கட்டுங்க" என்றேன். ஒரு மழைக்காலம் முழுக்க நான் தேர்ந்தெடுத்த நீலம் அந்தத் துண்டுக்குப் பின்னால் எங்கோ இருந்தது.

அவர் இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் ஆங்கிலக் குரல், ஏலக்காரனையும் முந்திக்கொண்டு ஓடியது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"தறி ஓடற வேகத்தக் கேட்டுப் பழகுனவங்களுக்கு இது மெதுவுங்ணா" என்று சிரித்து, எனக்காகக் குறைத்தார். கேட்டேன். 'கிளிக்கபிள். கிளிக்கபிள். கிளிக்கபிள்.' மூச்சு விடாமல் அதையே சொன்னது.

"இது என்னங்ணா?"

"மெனு. விரியும், சுருங்கும்."

"எதுக்குங்ணா?"

"அழகுக்கு."

காபி டம்ளரோடு வந்த அக்கா அப்படியே நின்றார். "யாருக்குங்க?" என்றார். கேலியாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பிறகு தம்பி H விசையை அழுத்தினார். அடுத்த தலைப்புக்குத் தாவும் விசை அது. பழைய பதிப்பில் அதை அழுத்தி அழுத்தி, நீண்ட பக்கத்தில் வேண்டிய இடத்துக்குச் சில நொடிகளில் போய்விடுவாராம். 'நோ நெக்ஸ்ட் ஹெடிங்' என்றது குரல். மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே பதில். இப்போது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டாக வேண்டும். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

எனக்குப் புரிந்தது. நீலமும் கோடும் சேர்க்கும் அவசரத்தில், 'இது தலைப்பு' என்று உலாவிக்குச் சொல்லும் குறியை எடுத்துவிட்டு, வெறும் பெட்டிக்குத் தலைப்பு வேஷம் போட்டிருக்கிறேன். கண்ணால் பார்ப்பவர்கள் அத்தனை பேரும் ஏமாந்தார்கள், முதல் ஆளாக நான். ஏமாறாதவர் இவர் ஒருவர்தான். அதற்கு அவர் வேலை பணயம்.

கட்டிலில் சம்மணமிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். நான் திருத்துவேன், அவர் கேட்பார். "இப்ப வருதுங்ணா... ஆனா ரெண்டாவது தலைப்பைத் தாண்டிருது." திருத்தினேன். "இப்ப மெனுவே மொதல்ல வந்து நிக்குது." மெனுவைப் பக்கத்தின் கடைசிக்குத் தள்ளினேன். நீலத்தை மட்டும் விட்டுவைத்தேன்; அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. பொழுது சாய்வதற்குள் புதிய பதிப்பை வெளியிட்டேன். குறிப்பில் 'தலைப்புகள் தலைப்புகளாக்கப்பட்டன' என்று எழுதினேன். அமெரிக்காவிலிருந்தோ எங்கிருந்தோ ஒருவர், அவை முன்பு என்னவாக இருந்தன என்று கேட்டார். பதில் எழுதவில்லை.

திங்கட்கிழமை முட்டை மண்டி ஒன்றில் பில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனைவி அன்று மட்டும் இரண்டு முறை போன் செய்து, "அந்தத் தம்பி பேசுனாங்களா?" என்று கேட்டாள். மதியத்துக்கு மேல் அவர் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, எக்ஸ்சேஞ்சு சீட்டுக்கு வேற ஆளப் போடறாங்களாம்."

பிரிண்டரை விட்டுவிட்டு வெளியே வந்தேன். "அப்ப உங்களுக்கு?"

"கம்ப்யூட்டர்லயேதானுங்ணா. மேனேஜர் அழிஞ்சுபோன ஒரு ஃபோல்டரை பேக்கப்புல இருந்து எடுக்கச் சொன்னாரு. கட்டளைய மறந்துட்டேன். நாலு தாவுல போய்ப் புடிச்சேன். அவரு ஃபோல்டரைப் பாக்கல. 'ஏப்பா, மானிட்டர் போடாமயா பண்ணுன?'ன்னு எந்திரிச்சுப் போய் அவரே ஆன் பண்ணுனாரு."

"ஆன் பண்ணி?"

"மவுஸ் சக்கரத்தைக் கரகரன்னு உருட்டுனாருங்ணா, எனக்கு பயமாப் போச்சு. அப்பறம் 'பக்கம் ரொம்ப அழகா இருக்குதே'ன்னாரு." அவர் சற்று நிறுத்தினார். "நீங்க சொன்னது நெசமாட்டத்தான் இருக்குதுங்ணா."