சுவரோரம் இரண்டரை அடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு சமாச்சாரம் என்றால் சிரிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அரியலூரில் சிமெண்ட் குடோன், பெரம்பலூரில் பருத்திக் குடோன் என்று போய், எந்த மூட்டையை எங்கே அடுக்கினால் இடம் மிச்சமாகும் என்று படம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. டேப் வைத்து அளக்க முடியாத எதையும் நான் நம்பியதில்லை. நீங்களும் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் ஒரு மக்காச்சோளக் குடோன். தை மாதம் புதுச் சோளம் வருவதற்குள் இடம் வேண்டும், பக்கத்தில் இன்னொரு ஷெட் போடலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். வேண்டவே வேண்டாம், இருக்கிற இடத்திலேயே அத்தனையையும் அடக்கிக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொன்னவன் நான்தான். அடுக்குகளைத் திருப்பிப் போட்டேன், தராசை வாசல் பக்கம் நகர்த்தினேன், உடைந்த பலகைகளை அள்ளி வெளியே போட்டேன். அப்படியும் மேற்குச் சுவரோரம் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சந்து கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. முன்வாசலிலிருந்து பின்பக்கத்துச் சின்ன இரும்புக் கதவு வரைக்கும் நீளமாக அது சும்மா கிடந்தது.

மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி கலியமூர்த்தி, வேப்பந்தட்டைக்காரர். ஆயுத பூஜை அன்று தராசு, தள்ளுவண்டி, கொக்கி என்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், அந்தச் சந்தின் சுவரிலும் தோள் உயரத்துக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"இதுக்கு எதுக்கு மேஸ்திரி?" என்றேன்.

"அதுவும் நமக்கு வேல செய்யுதுல்ல சார்."

"என்ன வேல? சும்மாத்தான கெடக்கு?"

"சும்மா கெடக்கறதுதான் சார் அதோட வேல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரமே அந்தச் சந்தை அடைக்கச் சொல்லிவிட்டேன். கலியமூர்த்தி முதலில் உள்ளே போய் இரும்புக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டார், பிறகு கதவை ஒட்டியே ஆரம்பித்துத் தரையிலிருந்து கூரை வரை மூட்டைகளை அடுக்கிக்கொண்டே வந்தார்கள். அன்று முழுக்க அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளிக்கு ஏக சந்தோஷம், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து வண்டுக்கு மாத்திரை வைத்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், மூட்டைகளுக்கு நடுவே மாத்திரையை வைத்து, ஷட்டரை இறக்கி, இடுக்கிலெல்லாம் களிமண்ணை அப்பிவிட்டால் அதிலிருந்து கிளம்புகிற விஷவாயு வண்டை மட்டுமல்ல, உள்ளே எது இருந்தாலும் கொன்றுவிடும். பகல் மூன்று மணிதான், ஆனால் ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. நான் கடைசி அடுக்குக்குப் பின்னால் மூலையில் குத்தவைத்து, அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தை அளந்துகொண்டிருந்தேன், பாருங்கள் என் புத்தியை. கலியமூர்த்தி கூப்பிட்டுப் பார்த்தாராம், மழையில் எனக்குக் கேட்கவில்லை. நான் கிளம்பிவிட்டேன் என்று நினைத்து மெயின் சுவிட்சை அணைத்து ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

கும்மிருட்டு. போன் ஆபீஸ் மேசையில் சார்ஜில் கிடந்தது. ஷட்டரைத் தட்டினேன், கத்தினேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம். கொஞ்ச நேரத்தில் பூண்டு வாசனை மாதிரி ஒன்று வந்தது. மாத்திரை வேலையைத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் என் மகள் முகம் ஞாபகம் வந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உட்கார்ந்து அழுதேன். வெளியே போக இருந்த இன்னொரு வழியையும் நானே அல்லவா அடைத்து வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தக் குரல்.

"ஒருக்களிச்சி வாங்க சார்."

மூட்டை தூக்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களே, அந்தச் சாதாரணக் குரல்தான், அதில் அவசரமே இல்லை. நானும் எதையும் யோசிக்கவில்லை. மேற்குச் சுவரில் முதுகை வைத்து ஒருக்களித்து நடந்தேன், நெஞ்சில் சாக்கு உரசிக்கொண்டே வந்தது, "வாங்க, வாங்க" என்று குரலும் கூடவே வந்தது. கையில் தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. அதை இழுத்து, கதவை வெளியே தள்ளி மழையில் போய் விழுந்தேன், எழுந்த வேகத்தில் வாயு வெளியே வந்துவிடுமே என்று கதவை அறைந்து சாத்தினேன்.

முன்பக்கம் ஓடிக் கலியமூர்த்தியைக் கூட்டிவந்தேன். அவர் கதவைத் திறந்தார். நிலை முழுக்க மூட்டை, கீழிருந்து மேல் வரை, அடுக்கினது அடுக்கினபடியே இருந்தது. கையை நுழைக்கக்கூட இடமில்லை. அவர் அந்த உள்தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைத் திருப்பி என் சட்டையைப் பார்த்தார். முதுகில், வலது தோள் பக்கம், சந்தனமும் குங்குமமும் ஈஷியிருந்தன.

வாயு மூளையைக் குழப்பியிருக்கும் என்று என் மைத்துனன் சொல்கிறான், இருக்கட்டும். மூட்டைகளை எடுத்துச் சந்தைப் பழையபடி விட்டுவிட்டோம். நான் போட்ட படம் தப்பு என்று முதலாளியிடம் நானே ஒப்புக்கொண்டேன், அவரும் புது ஷெட் போட்டுவிட்டார். இதெல்லாம் பரவாயில்லை. அன்று மழையில் நின்றுகொண்டு நடந்ததையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது கலியமூர்த்தி கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"கொரல் முன்னாடியிருந்து வந்துச்சா சார், பின்னாடியிருந்தா?"

"பின்னாடியிருந்துதான்."

"அப்ப அவரு வெளிய வரதுக்குள்ள கதவ சாத்திட்டீங்க."

இப்போதெல்லாம் எந்தக் கதவைத் தாண்டினாலும் கொஞ்ச நேரம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். யார் வருகிறார்கள் என்று நிற்கிறீர்கள் என்று என் மனைவி கேலி செய்கிறாள். யாருமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.