நோன்பு நாளில் ஒரு நடை

ஸுல்கிஃப்லி அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை எங்கள் நடைக்குழுவில் நான் பார்த்ததில்லை. பினாங்குப் பக்கம் ஜுருவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். மனைவி ரோஹானா இறந்த பிறகு, கடையையும் திறக்காமல் யாரோடும் பேசாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுபோய்ப் பினாங்கு மலையில் ஏற்றியவர் ராம்நாத். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பரம சாது. உச்சியில் நின்று வெகுநேரம் கடலைப் பார்த்த அண்ணன், "பசிக்குதுடா" என்றாராம். மூன்று மாதத்தில் அவர் சோறு கேட்டது அன்றுதான். அதன்பின் பதினோரு வருடம் இருவரும் மலைக்குப் போனார்கள். மலைதான் அண்ணனைப் பிழைக்க வைத்தது.

போன வருடம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பஹாங்கில் தொடங்கிக் காட்டுக்குள்ளேயே நடந்து, ஒரே நாளில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு வந்து இறங்க வேண்டும். அவர் குறித்த நாள் நோன்பு மாதத்தில் விழுந்தது.

"பெருநாள் முடியட்டும்லா," என்றார் ராம்நாத்.

"நோன்பு வச்சா காலு நடக்காதா? நீ வரலைன்னா நான் தனியா போறேன்."

தனியே விடுவாரா ராம்நாத்? போனார். ஏழு மணி நேரம் நடந்தபின், மேட்டில் ஏறும்போது ராம்நாத் மயங்கி விழுந்தார். முகத்தில் தண்ணீர் தெளிக்க அவர் பையைத் திறந்தபோதுதான் அண்ணன் கவனித்தார். மூன்று தண்ணீர் போத்தலும் மூடி திறக்காமல் இருந்தன. அதில் ஒன்றைத் திறந்துதான் முகத்தில் தெளித்தார். நோன்பாளியின் முன்னால் குடிப்பது மரியாதை இல்லையென்று மனுஷன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பிடிவாதமாக முன்னே நடந்தவர், ஒரு தடவை திரும்பி 'குடிடா' என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இன்றும் அண்ணன்மேல் கோபம்தான்.

உதவிக்கு வந்த ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் ராம்நாத் போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். போத்தலைப் பற்றி அண்ணன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மலைப்பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து என்னை அழைத்தார்.

"தம்பி, ஆச்சிகிட்ட உண்மையச் சொல்லணும். தனியா போக பயமா இருக்கு, கூட வா."

ராம்நாத்தின் மனைவி முத்தம்மை ஆச்சி எங்களை உட்காரச் சொன்னார். அண்ணன் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. அழுகை அடங்கியதும் ஆச்சி சொன்னார்.

"அவர் பைய வீட்ல தொறந்தது நான்தாண்ணே. ரெண்டு போத்தல் அப்படியே இருந்துச்சு. எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் ஆச்சி என்னைக் கேக்கல?"

"நீங்களா வந்து சொல்வீங்கன்னு இருந்தேன். முதல் வாரமே வந்திருந்தா உங்களோட சேர்ந்து அழுதிருப்பேன். எட்டு மாசமா நான் மட்டும்தான் அழுதேன். எல்லாம் தீர்ந்துபோச்சு. கெளம்புங்கண்ணே."