வல்லாரைக் குப்பியும் மூத்தவளும்

மருந்துக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'குப்பியம்மா'. வல்லாரையை உலர்த்தி, சாராயத்தில் ஊறவைத்து, சத்தைப் பிரித்துப் பொடியாக்கி அனுப்புவார்கள். அதை மாத்திரைக் கூடுகளில் அடைத்துக் குப்பியில் போடுவது அவள் வேலை. ஞாபக மறதிக்கு அது நிஜமாகவே உதவுமா என்று சோதித்துக்கொண்டிருந்ததால், பாதிக் குப்பிகளில் பச்சைச் சாயம் ஏற்றிய வெறும் மாவுதான் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்று. குப்பியம்மாவின் மூக்கு மட்டும் கசப்பு வாடையை வைத்துப் பிரித்துச் சொல்லிவிடும்.

வீட்டில் புருஷன் தையல்காரர். கத்தரிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டே அதைத் தேட ஆரம்பித்தபோது, யாருக்கும் தெரியாமல் நல்ல குப்பி ஒன்றைக் கொண்டுவந்து தினமும் காலையில் கொடுத்தாள். மனுஷர் தெளிந்தார், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. தெளிந்து வாயைத் திறந்தால் வந்தது என்ன? மூத்தவள் புராணம்.

"அவ கதவை ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள வருவா. சொந்த வீட்டுக்கே விருந்தாளி மாதிரி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மூத்தவள் செத்துப்போய்த்தான் குப்பியம்மா வாழ்க்கைப்பட்டு வந்தாள். இத்தனை வருஷம் சுவரில் படமாகச் சும்மா இருந்த சக்களத்தி, இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். மூத்தவள் பேச்சு, மூத்தவள் கைப்பக்குவம், மூத்தவள் பொத்தான் தைக்கிற நேர்த்தி.

"நானுந்தான் உங்க கூட உக்காந்து எத்தனை பொத்தான் தச்சேன். அது ஞாபகம் வரலையா?"

"நீயா? நீ எப்ப தச்ச?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது. மறுநாள் அவள் மாவுக் குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறந்து தொலையட்டும் அந்த மகராசியை.

மறதி வந்தது. ஆனால் அதற்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியவில்லை. கடைசியில் வந்ததெல்லாம் முதலில் உதிர்ந்தது. தெருமுனையில் புதிதாக வந்த கடை போயிற்று, அடுத்த வீட்டுக்காரர் போனார். ஒரு காலையில், தண்ணீர் நீட்டியவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா? என் பொண்டாட்டி வர்ற நேரம். பாத்தா தப்பா நினைப்பா."

விழுந்தடித்துக் கம்பெனிக்கு ஓடி நல்ல குப்பியோடு திரும்பினாள்.

"யாரோ குடுக்கிறத நான் சாப்பிட மாட்டேன். அவ வந்து குடுத்தா சாப்பிடுறேன்."

கெஞ்சினாள், அதட்டினாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். குப்பியம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். உடைத்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வந்துட்டியா?"

முகமெல்லாம் பல்லாக நின்றார். வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்த முகத்தை அவளுக்கு அவர் ஒரு தரம்கூடக் காட்டியதில்லை. மாத்திரையை நீட்டியதும் குழந்தையாக வாயைத் திறந்தார். விழுங்கிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"இங்க ஒரு அம்மா இருந்தாங்களே, போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க" என்றாள்.