எழுந்திருக்க முடியாத மெத்தை

பேத்தி பிறந்துவிட்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னதும் மெத்தைக்காரர் செய்த முதல் காரியம், பட்டறைக்குப் போன் போட்டதுதான். "டேய், அந்தப் பெரிய மெத்தையைத் தூசி தட்டுங்கடா! என் பொண்ணு வீட்டுக்கு வரப்போறா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்தே நின்றுவிட்டார்.

மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்கு வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுத்திருந்தார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்றதும் அவர் மனசு நேராக மெத்தைக்குப் போய்விட்டது. போகத்தானே செய்யும்? ஊரான் பட்டறையில் பழைய மெத்தைகளைப் பிரித்துப் பஞ்சு தட்டிக்கொண்டிருந்த கை அது. பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சு சூடேறும் முன்னே எழுந்து வந்தவர். இன்றைக்குச் சொந்தப் பட்டறை, சொந்த வேன், கல்யாண வீடு முதல் கலெக்டர் வீடு வரை அவர் தைத்த மெத்தை. "என் மெத்தையில படுத்தவன் எந்திரிச்சதா சரித்திரமே இல்லை" என்று மார் தட்டுவார்.

"ஆஸ்பத்திரிக்கு விக்கப் போறப்ப மட்டும் அதைச் சொல்லித் தொலைக்காதீங்க" என்பாள் அவர் வீட்டம்மா.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. பட்டறையில் நுரை வெட்டுவது முழுக்க அவள் பொறுப்பு. அளவு டேப்பு எந்நேரமும் கழுத்தில் தொங்குவதால் ஆட்கள் அவளை டேப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோடு போடாமல் கத்தி வைப்பாள், வெட்டு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட ஒரே மகளுக்கு அப்பன் என்ன சாதாரண மெத்தையா போடுவான்? அடியில் சுருள் கம்பி, அதன்மேல் தடித்த நுரை, அதற்கும் மேல் வெண்ணெய் மாதிரி நுரை இரண்டு அடுக்கு, அதன் தலையில் பஞ்சுத் தையல். மாடிப்படியில் அதை ஏற்றுவதற்குள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மகள் வந்து படுத்தாள். உள்ளே போய்விட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

"எப்படி இருக்கு?" என்றார் மெத்தைக்காரர், வாயெல்லாம் பல்லாக.

"மேகத்துல இருக்கிற மாதிரி இருக்குப்பா."

அது போதாதா! அன்றைக்கே சட்டமும் போட்டார். பாப்பா கூடத்தில் பாட்டியோடு இருக்க வேண்டும், அழுதால் புட்டிப்பால் கொடுக்க வேண்டும், மகள் மட்டும் இம்மி அசையக் கூடாது. குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அதை யார் காதில் போட்டுக்கொண்டது? எல்லாருக்கும் பாசம் தலைக்கேறி இருந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், பகலெல்லாம் யார் யார் கட்டடத்திலோ தொங்கிக்கொண்டிருப்பவர். சாயங்காலம் வந்து மனைவியை எட்டிப் பார்ப்பார், கூடத்தில் பிள்ளையை எட்டிப் பார்ப்பார். தூக்கச் சொன்னால், "ஸ்க்ரூ எதுவும் லூசா இருக்கிற மாதிரி தெரியுது அத்தை, பயமா இருக்கு" என்று நழுவிவிடுவார்.

இதற்கிடையில் மாடி அறையில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் குழந்தை சிணுங்கினால் மகளுக்கு உடம்பே பதறும். எழுந்திருக்கப் பார்ப்பாள். கையை ஊன்றினால் கை புதையும். முதுகை நிமிர்த்த வேண்டுமானால் வயிற்றில்தான் பலம் கொடுக்க வேண்டும், கொடுத்தால் தையல் சுண்டி இழுக்கும். பல்லைக் கடித்து ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் கீழே அழுகை நின்றிருக்கும், பாட்டி புட்டியைக் கொடுத்திருப்பாள். மறுபடி அந்தக் குழியிலேயே விழுவாள். கொஞ்ச நாளில் எழப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். குழந்தையைக் கொண்டுவந்து பக்கத்தில் காட்டினால் அது முகத்தைச் சுளித்து வீறிடும்.

"எடுத்துட்டுப் போங்கம்மா. அவளுக்கு உங்களைத்தான் தெரியுது. நான் யாரோ" என்றாள் ஒருநாள், சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டே.

வாசற்படியில் நின்ற மெத்தைக்காரருக்கு அது நெஞ்சில் கோணி ஊசி மாதிரி இறங்கியது. பெற்ற பிள்ளையை யாரோ என்கிறாளே! அவள் இப்படியே பிள்ளையை விட்டு விலகிப் போய்விட்டால் என்ன செய்வது? அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்.

"இன்னொரு அடுக்கு நுரை போட்டாச் சரியாயிடும்" என்றார் வீட்டம்மாவிடம்.

நல்லவேளை, அந்த அடுக்கு வருவதற்கு முன்னால் நர்ஸம்மா வந்துவிட்டாள். தையலைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். நல்ல ஆகிருதி, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. பையை வைத்துவிட்டு மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தவள் சரேலென்று சரிந்து, மகளின் கால்மாட்டில் சாய்ந்தேவிட்டாள்.

"யாருய்யா வீட்டுக்குள்ள குளம் வெட்டினது?"

"குளமா? இதை வாங்க ஆளுங்க வரிசையில நிக்கிறாங்கம்மா" என்றார் மெத்தைக்காரர். மூக்கின் நுனி சிவந்துவிட்டது.

நர்ஸம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. தையலைப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. "வலி மாத்திரை ஒழுங்காப் போடுறியா?"

"என்னைக்காவது நான் பால் குடுத்தா அதுல கலந்துடுமோன்னு விட்டுட்டேன் சிஸ்டர். பொறுத்துக்குறேன்."

"இந்தச் சமயத்துக்கு எது ஆகும்னு பாத்துத்தானே டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. பொறுத்துக்கிட்டுப் படுத்திருந்தா யாரும் வந்து மெடல் குத்தப் போறதில்ல. வலி கொறஞ்சாத்தான் எந்திரிப்பே, எந்திரிச்சாத்தான் புள்ளையத் தூக்குவே. எங்கே, எந்திரி பாக்கலாம்."

மகள் முயன்றாள். முடியவில்லை. லீவு போட்டு வீட்டிலிருந்த மாப்பிள்ளை ஓடிவந்தார். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தபடி அவள் முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, முழங்கையை ஊன்ற, இவர் தோளைத் தாங்கி, ஒருவழியாக நாற்காலியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"என் மெத்தையை ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்று அப்போதும் முனகினார் மெத்தைக்காரர்.

மகளுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. "அப்பா, நீங்க படுங்க."

"நான் எதுக்கும்மா?"

"படுங்கப்பா! வயித்து மேல ரெண்டு கையையும் வச்சுக்கோங்க. உங்க வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கோங்க. அங்க பலம் குடுக்காம எந்திரிச்சுக் காட்டுங்க."

சவால் என்றால் விடுகிற ஆளா அவர்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜம்மென்று படுத்தார். எழப் பார்த்தார். காலை உதறினார். இடப்பக்கம் உருண்டார், மெத்தை அவரை நடுவுக்கே இழுத்துக்கொண்டது. கவிழ்ந்த ஆமை மாதிரி கையும் காலும் மேலே ஆடின.

"மாமா அடித்தளத்துல மாட்டிக்கிட்டாரு" என்றார் மாப்பிள்ளை. "அலாரத்தை அமுக்குங்க மாமா, ஆள் வரும்."

"மாப்பிள்ளை, வாயை மூடிக்கிட்டுக் கையைக் குடுங்க!"

வீட்டம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மகள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வீடு வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை இழுத்துத் தூக்கிவிட, எழுந்து நின்ற மெத்தைக்காரர் தன் சரக்கையே திரும்பிப் பார்த்தார்.

"சரி, பாப்பாவைக் கொண்டாங்க. பெரியவர் வெளியே இருங்க" என்றாள் நர்ஸம்மா.

கதவு சாத்தப்பட்டது. மெத்தைக்காரர் கதவில் காதை ஒட்டிக்கொண்டார். பிள்ளையின் துணியை எல்லாம் கழற்றுங்கள், அரைத்துணி மட்டும் போதும், அம்மா மார்மேலே போடுங்கள், முதுகுக்குப் போர்வை என்று நர்ஸம்மா சொல்வது கேட்டது. பிள்ளை வீறிட்டது. "வேணாம் சிஸ்டர், என்னைப் பார்த்தாலே அழறா" என்றது மகளின் குரல். "அழட்டும். உன் வாசனை அவளுக்குத் தெரியும். பத்து மாசம் கேட்ட நெஞ்சுச் சத்தம், மறந்துருமா?"

அழுகை குறைந்தது. விக்கல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. மெத்தைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டிவிடலாமா என்று கையை ஓங்கினபோது உள்ளே ஒரு கூச்சல்.

"அம்மா! பாருங்கம்மா! நகர்றா! தானா நகர்றாம்மா! ஏங்க, இங்க பாருங்க, வாயைத் தொறக்கிறா!"

"என்னாச்சு? என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!" மெத்தைக்காரர் கதவுக்கு வெளியே குதித்தார்.

"பால் குடிக்கிறாப்பா! என்கிட்ட குடிக்கிறா!"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார் மனுஷன். துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்தார், போதவில்லை.

உள்ளே நர்ஸம்மா ஓயவில்லை. "பால் நல்லா ஊறுற வரைக்கும் புட்டியும் கொஞ்சம் இருக்கட்டும், எப்போ கொறைக்கிறதுன்னு நான் சொல்றேன். ஆனா புள்ள இவ கைக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். அப்பாகாரரே, சும்மா நிக்காதீங்க, உங்க முறையும் வரும், சட்டையைக் கழட்டிட்டு ரெடியா இருங்க."

"ஸ்க்ரூ..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"எல்லாம் டைட்டாத்தான் இருக்கு, தூக்குங்க."

அப்போதுதான் மகளின் பட்டறைக் குரல், அந்தப் பழைய அதிகாரக் குரல், கதவைத் தாண்டி வந்தது. "அப்பா! அளவு சொல்றேன், கேட்டுக்கோங்க!"

"சொல்லும்மா, சொல்லு!" எழுதுகிற பழக்கம் அவருக்கு ஏது? எல்லாம் தலைக்குள்ளேதான்.

"இந்தக் குளம் வேணாம். அழுத்தின நார் மெத்தை, மேல மெல்லிசா ஒரே நுரை. உட்கார்ந்தா என் பாதம் முழுசாத் தரையில படணும். பக்கத்துலயே பாப்பாவுக்கு ஒரு குட்டிக் கட்டில், மூணு பக்கம் கம்பி, என் பக்கம் திறப்பு. ரெண்டும் ஒரே மட்டம்."

"நடுவுல இடுக்கு இருக்கக் கூடாது" என்று சேர்த்தாள் நர்ஸம்மா. "குட்டி மெத்தை கையை வச்சா குழியக் கூடாது. தலையணை, பொம்மை எதுவும் வேணாம். மெத்துனு இருந்தா சின்னப் புள்ளைக்கு மூக்கு புதைஞ்சிரும் பெரியவரே."

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம். மறுநிமிஷம் வேன் கிளம்பிவிட்டது.

பட்டறையில் அன்றைக்கு வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. நாரை அடுக்கி அழுத்தினார்கள். மெத்தைக்காரர் முஷ்டியால் குத்திப் பார்த்தார், முழங்காலால் மிதித்தார். "இன்னும் இறுக்குங்கடா!"

"அண்ணே, பலகை மாதிரி ஆயிடும்ணே" என்றார் மூத்த தையல்காரர், கண் பிதுங்க. இத்தனை வருஷமாக மெத்தென்று செய்யச் சொல்லி உயிரை வாங்கின மனுஷனாயிற்றே!

"பலகைதான்யா வேணும்! என் பேத்திக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

காலையில்தான் தெரிந்தது என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

மாப்பிள்ளை கருவிப்பெட்டியோடு வந்து சேர்ந்தார். இரண்டு கட்டிலையும் போல்ட் போட்டு முடுக்கும் வேலை அவருடையது. மட்டக்கோலை வைத்துக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "லிஃப்டும் தளமும் ஒரே மட்டத்துல நிக்கணும் மாமா. கொஞ்சம் பிசகினாலும் ஏறுறவங்க கால் தட்டிரும்." அவர் சட்டைப் பொத்தான் இரண்டு இன்னும் திறந்தே இருந்ததை மெத்தைக்காரர் பார்த்தார். தன் முறையை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், முகத்திலேயே தெரிந்தது. "என் மேல தூங்கிட்டா மாமா" என்றார் மெதுவாக, யாரோ பரிசு கொடுத்த மாதிரி.

வெளிச்சம் போவதற்குள் கட்டில் மாடி ஏறியது. குளம் கீழே இறங்கியது.

விடிந்ததும் விடியாததுமாக மெத்தைக்காரர் மாடிக்கு வந்து நின்றார். கதவு ஒருக்களித்திருந்தது. மகள் கண்மூடிப் படுத்திருந்தாள், கை மட்டும் குட்டிக் கட்டிலில் பிள்ளையின் வயிற்றின்மேல். பிள்ளை உடம்பை முறுக்கியது, வாயைச் சப்பியது. அழவில்லை, அழுவதற்கு யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மகள் கண் விழித்துவிட்டாள். ஒருக்களித்தாள், முழங்கையை ஊன்றினாள். நார் மெத்தை கல் மாதிரி தாங்கியது. பாதம் தரையில் பட்டது. உட்கார்ந்தேவிட்டாள்! மெத்தைக்காரருக்கு ஆட்டத்தில் ஜெயித்த மாதிரி கை தட்டத் தோன்றியது. அடக்கிக்கொண்டார்.

அவள் பிள்ளையை எடுத்து, வயிற்றில் படாமல், நுரைச் சுருளைத் தூக்குவது போல் கக்கத்தோடு அணைத்துத் துண்டால் மூடிக்கொண்டாள். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த பிடி. பாட்டி புட்டியோடு மேலே ஓடிவர, அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று.

மெத்தைக்காரரால் அதற்கு மேல் முடியவில்லை. உள்ளே வந்துவிட்டார். "கொஞ்சம் என்கிட்ட குடேன்மா. கை கழுவிட்டேன்."

"இப்ப இல்லப்பா."

"ஒரே நிமிஷம்."

"குடிச்சுக்கிட்டே என்னைப் பார்க்கிறாப்பா. கண்ணை எடுக்கவே மாட்டேங்கிறா. போயிட்டு அப்புறம் வாங்க."

"அப்புறம்னா எப்போ?"

"அவ விடுறப்போ" என்றாள் மகள். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெத்தைக்காரர் போகவில்லை. சுவரில் சாய்ந்து வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார், வரிசையில் முதல் ஆளாக.