தலைகீழாக 'ம்' கொட்டியவன்

இந்த ஊரில் தண்ணீரில் விழுவதற்கு ஹெல்மெட் போட வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகிற சாலையில், ஒரே பைக்கில் மூன்று பேராகப் பறந்தபோதுகூட நான் தலையில் ஏற்றாத அந்தச் சாமானை, ஜெர்மனியில் ஓர் ஏரிக்கரையில், சனிக்கிழமைதோறும் பயபக்தியோடு மாட்டிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ரப்பர் உடை. அதற்குள் நுழைவது தலையணையை உறைக்குள் திணிப்பது மாதிரி. திணிக்கிறவனும் நானே, தலையணையும் நானே. அதற்கு மேல் மிதவைச் சட்டை. எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் எங்கள் ஊரில் ஒருவன் ஆற்றுக்குப் போய், குளித்து, துவைத்து, படித்துறையில் இரண்டு வீட்டு வம்பு பேசி, இட்லிக் கடைக்கே வந்து உட்கார்ந்திருப்பான்.

நான் பழகுவது வேக்போர்டு. ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஏரியைச் சுற்றி உயரமான கம்பங்கள். அவற்றின் உச்சியில் ஓர் இரும்பு வடம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்து தொங்கும் கயிற்றின் கைப்பிடியை நாம் பற்றிக்கொள்ள வேண்டும். கால்கள் இரண்டும் ஒரு பலகையில் பூட்டப்பட்டிருக்கும். வடம் இழுக்கும், பலகை வழுக்கும், நாம் தண்ணீர்மேல் நின்றபடி போவோம். போகிற போக்கிலேயே எம்பி, கால் மேலும் தலை கீழுமாக ஒரு கரணம் அடித்து, கைப்பிடியை விடாமல் மறுபடி அதே பலகையில் வந்து நிற்க வேண்டும். பேக்ரோல் என்று பெயர். இப்படி ஒரு தலைகீழ் வித்தையை முதன்முறையாகப் போட்டு நின்றுவிட்டால் அந்தக் கரையில் நீங்களும் ஓர் ஆள்.

பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிற, நாற்பதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி செல்வி முதலிலேயே கேட்டுவிட்டாள். "ஏங்க, கழுத்து சுளுக்குனா தைலம் தேய்க்கது நானு. அந்த ஏரி வந்து தேய்க்குமா?" அவள் திசையன்விளைக்காரி. செம்மண் பூமியில், பம்புசெட்டுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். ஆற்றங்கரைக்காரர்களைப் பற்றி அவளுக்கு உயர்ந்த அபிப்பிராயம் கிடையாது. "தண்ணி கெடக்குன்னு நாள் பூரா அதுக்குள்ளயே கெடப்பிய" என்பாள்.

அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடங்களில் என்னை யாரும் கேலி செய்ததில்லை. தொழிற்சாலையில் காலை வணக்கம் சொல்வார்கள், வார இறுதி நன்றாக அமையட்டும் என்பார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்பார்கள். வெளிநாட்டில் காலம் தள்ளுகிற நம்மவர்களுக்குத் தெரியும், மரியாதை என்பது முன்னறையில் போடுகிற நாற்காலி. சுகமாக உட்காரலாம், அடுக்களைவரை போக முடியாது. ஏரிக்கரையில் இவர்களே ஒருவரை ஒருவர் ஓட்டித் தள்ளுவதைப் பார்த்தேன். விழுந்தவனைப் போலவே நடித்துக் காட்டுவார்கள், பட்டப்பெயர் வைப்பார்கள். நான் விழுந்தால் மட்டும் மரமேடையில் நிற்கிறவர்கள் ஒரே குரலில் "ஷாடே" என்பார்கள். அடடா, போகட்டும் என்று அர்த்தம். அந்த 'ஷாடே' என் காதில் ஊசி மாதிரி ஏறும். கரணத்தில் ஒரு தடவை நின்று காட்டிவிட்டால் என்னையும் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நம்பினேன். அக்டோபர் முடிந்தால் வடத்தை நிறுத்திவிடுவார்கள். அடுத்த கோடையில் என் முழங்கால் என்ன சொல்லுமோ, யாருக்குத் தெரியும்?

சொல்லிக்கொடுக்கிறவள் யானா. இருபத்தைந்து வயதுப் பெண். ஊரில் அந்த வயதுப் பிள்ளைகள் என்னை அண்ணாச்சி என்பார்கள்; இவள் மாரியப்பனைச் சுருக்கி 'மாரி' என்றாள். முதல் நாளே அவளிடம் ஜம்பமாகச் சொன்னேன், கரணம் எனக்குப் புதிதல்ல என்று.

சொன்னது பொய்யில்லை. எங்கள் ஆற்றின் நடுவே ஒரு கல்மண்டபம் உண்டு. வெள்ளம் வடிந்ததும் அதன் கூரையில் ஏறி, பின்பக்கமாகக் கரணம் அடித்துத் தண்ணீரில் விழுவோம். என் கூட்டாளி இசக்கி எனக்கு அடுத்துக் குதிப்பவன். ஒரு தடவை என் கரணம் பாதியிலேயே நின்று, முதுகு அறைய விழுந்தேன். சத்தம் கரைவரை கேட்டது. மூச்சு வராமல் நான் மிதக்க, இசக்கி மண்டபத்தின் மேலே நின்று, "ஏலே, துணி தொவைக்கவங்ககூட இப்படி அறைய மாட்டாங்கலே! முதுகத் திருப்பு, அழுக்குப் போயிருக்கான்னு பாப்போம்" என்று கத்தினான். படித்துறையே சிரித்தது. சிரித்து முடித்த பிறகுதான் குதித்து என்னை இழுத்துக் கரையேற்றினான். வீட்டுக்கு என்னைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தவனும் அவன்தான், வழியெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவனும் அவன்தான்.

ஆனால் ஆற்றுக் கரணம் தண்ணீருக்குள் போவதற்காக அடிப்பது. ஏரிக் கரணம் போகாமல் இருப்பதற்காக அடிப்பது. இந்த வித்தியாசம் என் மண்டைக்கு ஏறியது, உடம்புக்கு ஏறவில்லை. ஒவ்வொரு முறையும் தலை கீழே திரும்பியவுடன் கைப்பிடி போய்விடும். "கையை விடாதே, மாரி" என்பாள் யானா. நான் விடவில்லை, கயிறுதான் பறித்துக்கொள்கிறது என்று சத்தியம் செய்வேன். கையுறை வாங்கினேன். கைப்பிடியை மாற்றிக் கேட்டேன். வடத்தின் வேகத்தில் ஏதோ கோளாறு என்று இயந்திரம் அறிந்தவன் தோரணையில் அவர்களுக்கே ஆலோசனை சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில் யானா நான் விழுவதைப் படம் பிடித்து அனுப்பினாள். அடுக்களையில் வைத்து அதைப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த செல்வி எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்துங்க. பின்னால போங்க. பையப் போங்க... ஒங்க வலது கை எங்கன போகுது?"

நிறுத்திப் பார்த்தேன். தலை கீழே போகிற அந்த நொடியில் என் வலது கை கைப்பிடியை விட்டுவிட்டு நேராக முகத்துக்குப் போகிறது. இரண்டு விரல்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கின்றன.

"ஏங்க, மூக்கப் பிடிக்கியளே! ஜெர்மனியில போயும் முங்காப் போடுதிய?" செல்வி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெங்காயத்துக்கு வந்த கண்ணீரும் அதோடு சேர்ந்துகொண்டது.

தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தலை தண்ணீருக்குள் போகிறதென்றால் ஒரு கை மூக்குக்கு, மறு கை இடுப்புத் துண்டுக்கு. ஒன்று மூச்சைக் காக்கும், மற்றது மானத்தைக் காக்கும். ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் பார்த்தால் கலெக்டர் ஆபீஸ் அதிகாரியும் காய்கறிக்காரரும் ஒரே மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மூளைக்குத் தெரியாமலேயே கை அதன் வேலையைப் பார்த்துவிடுகிறது.

அடுத்த சனிக்கிழமை இதை யானாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறாள் என்று ஆசையோடுதான் சொன்னேன். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். "மாரி, இது உங்கள் மதம் சம்பந்தப்பட்டதா? அப்படியென்றால் நாங்கள் மதிப்போம். ஒற்றைக் கையால் செய்கிற முறையை யோசிக்கலாம்."

"இல்லை யானா. மூக்கில் தண்ணீர் ஏறாமல் இருக்கத்தான்."

"ஓ. அப்படியானால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று சத்தம் எழுப்பு. மூச்சு வெளியே வந்துகொண்டிருக்கும்வரை தண்ணீர் உள்ளே வராது."

அவ்வளவுதான். சிரிப்பு இல்லை. இசக்கியாக இருந்தால் இந்நேரம் எனக்கு மூக்கன் என்று பெயர் வைத்து, கல்லிடைக்குறிச்சிவரை தண்டோரா போட்டிருப்பான். மரியாதையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"'ம்' தானே?" என்றாள் செல்வி. "நான் பேசும்போது எப்பமும் கொட்டுவியளே, அதையே தண்ணிக்குள்ள கொட்டுங்க."

அன்றிரவே பயிற்சி தொடங்கிவிட்டது. குளியல் தொட்டி நிறைய வெந்நீர். கதவுக் கொண்டியில் கட்டிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, மல்லாந்து முகத்தைத் தண்ணீருக்குள் விட வேண்டும். தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அவள் பேசுவாள். பேசியதெல்லாம் திசையன்விளைச் சொந்தங்கள்தான். "எங்க பெரியம்ம மவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுனாம்லா, நமக்கு ஒரு வார்த்தை சொல்லல." ம்ம்ம். "போன் போட்டுக் கேட்றவா?" ம்ம்ம். "நீங்கதான் கேக்கச் சொன்னியன்னு சொல்லட்டா?" நான் பதறி எழுந்தால், கயிற்றை விட்ட கையில் தோசைக்கரண்டியால் ஒரு தட்டு விழும். எழுந்து போகாமலும் குறுக்கே பேசாமலும் கணவன் கேட்டுக்கொண்டிருக்கிற வாய்ப்பு எந்தப் பெண்ணுக்குக் கிடைக்கும்? நான் தேறிவிட்டேன் என்று எத்தனை சொன்னாலும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் பழக வேண்டும் என்று மறுபடி வெந்நீரைத் திறந்துவிட்டாள்.

வடம் ஓடுகிற கடைசிச் சனிக்கிழமை செல்வியும் வந்தாள். இரண்டு கம்பளிச் சட்டை, கழுத்தில் மஃப்ளர், ஃப்ளாஸ்க்கில் உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. முதல் சுற்றில் கரணம் பாதியில் கவிழ்ந்தது. ஆனால் இரண்டு கையும் கைப்பிடியிலேயே இருந்தன! அந்தச் சந்தோஷத்தில் விட வேண்டிய நேரத்திலும் விடாமல், ஏரியை முகத்தால் உழுதுகொண்டு போனேன். "ஷாடே" என்றது மேடை. அடுத்ததும் அப்படியே. குளிரில் விரல் மரத்துப்போயிற்று. யானா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்: இது கடைசி.

வடம் இழுத்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து விலகினேன், கயிறு விறைத்தது. முழங்காலை நிமிர்த்தி, அந்த இழுப்புக்கு உடம்பைக் கொடுத்தேன். 'ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து வந்தது. ஏரி மேலே போயிற்று, வானம் கீழே வந்தது. கைகள் கைப்பிடியோடு இடுப்பருகே இருந்தன. மூக்கு அது பாட்டுக்கு இருந்தது. பிறகு பலகை சடேரென்று தண்ணீரை அறைந்தது. முழங்கால் மடங்கிற்று, நிமிர்ந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், நின்றபடியே போய்க்கொண்டிருந்தேன்.

"ஏலேய்!"

கத்தியது நான்தான். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

 மேடையில் நின்ற சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, பழைய ஃப்ரிட்ஜ் உறுமுகிற மாதிரி "ம்ம்ம்ம்" என்று இழுத்து, "எலேய்!" என்று முடித்தான். அவ்வளவுதான், மேடையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. யானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கரையேறிய என் முன்னாலேயே ஒவ்வொருவராக நடித்துக் காட்டினார்கள். ஒருவருக்கும் என்மேல் துளி மரியாதை இல்லை. பலகையின் பூட்டை அவிழ்க்கிற பாவனையில் நான் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

"எந்திரிங்க, காப்பி ஆறுது" என்றாள் செல்வி. குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. அந்த நேரம் பார்த்து யானா உற்சாகமாக அவள் பக்கம் திரும்பி, "எலே!" என்றாள். செல்விக்கு முகம் மாறிவிட்டது. "ஏங்க, அந்தப் பிள்ள என்னையும் ஏலேங்குது! பொம்பளையாளச் சொல்லக் கூடாதுன்னு சொல்லுங்க."

விதிகளை விளக்கினேன். பெண்களைச் சொல்லக் கூடாது, மூத்தவர்களைச் சொல்லக் கூடாது, கூட்டாளிகளைத் தாராளமாகச் சொல்லலாம். யானா ஜெர்மானியக் கவனத்தோடு கேட்டுவிட்டு, "நீ என்னைவிட மூத்தவன். உன்னைச் சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லு" என்றேன்.

இப்போது பனிக்காலம். வடம் நின்றுவிட்டது, ஏரி உறைந்து கிடக்கிறது. போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் "எலே!" என்று ஒரு குரல். உடம்பு தானாகத் திரும்பியது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் திரும்புகிற மாதிரி, வேட்டி கட்டின ஊர்க்காரன் ஒருவனைத் தேடிக்கொண்டு திரும்பினேன். தள்ளுவண்டியைப் பிடித்தபடி சிவப்புத் தாடிக்காரன் நின்றான். அவன் பெயர்கூட எனக்கு இன்னும் தெரியாது.

"என்னலே?" என்றேன். கூப்பிட்டவனுக்கும், நான் தேடித் திரும்பியவனுக்கும் சேர்த்து.