அழியக் கூடாத கோடுகள்

நோயாளியாக இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் ஊர் நிறைய. இந்த உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் பண்டகசாலை வேலையில் இருந்தபோது எனக்குப் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருந்தால் கருகட்டும் என்று கதிர்ச் சிகிச்சை தொடங்கி, அடிவயிற்றில் ஊதா மையால் கோடு கீறினார்கள். கோடு அழிந்தால் முதலிலிருந்து அளக்க வேண்டும், அதற்குள் நோய் முந்திவிடலாம் என்றார் டாக்டர். ஆகையால் முடியும்வரை குளிப்பு இல்லை. சனி ஞாயிறு மெஷினுக்கு ஓய்வு. இயன்றபோது அந்த இரண்டு நாளும் ஊருக்கு வந்து போவேன்.

கப்பல்காரர் வருத்தம்

இறங்குதுறைக் கங்காணி சுகம் விசாரிக்க வந்தார். எந்த இடத்தில் வருத்தம் என்று கேட்டார். சொன்னேன். உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். போகும்போது என் தோளில் கை வைக்க வந்து, மனம் மாறி, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சொன்னார்:

"இது துறைக்குத் துறை வீடு வைச்சிருக்கிற கப்பல்காரருக்கு வாற வருத்தமெண்டெல்லோ நினைச்சனான். நீங்கள் கரையிலதானே அண்ணை வேலை செய்தனீங்கள்?"

வேலியோர றேடியோ

பக்கத்து வீட்டுக்காரர் விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியார். கதிர் உடம்பில் தங்காது, மெஷினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று நேர்ஸ் சொன்னதை அவருக்குச் சொன்னேன். படித்தவராயிற்றே, தலையாட்டிக் கேட்டார். அடுத்த முறை வந்தபோது வேலியோரம் பாடிக்கொண்டிருந்த றேடியோ வீட்டுக்குள் குசினிக்குப் போயிருந்தது. ஏன் என்றேன்.

"கோவிக்காதேங்கோ அண்ணை, நீங்கள் வந்து நிண்டால் செய்தி கரகரக்குது."

ஆட்டைத் திவசம்

மனைவி இறந்து வருடம் திரும்பி, ஆட்டைத் திவசம் ஒரு சனிக்கிழமையில் விழுந்தது. கடலில் முழுகாமல் பிண்டம் வைக்க ஏலாது என்று திரியாயிலிருந்து வந்த அவளுடைய தம்பி ஒற்றைக் காலில் நின்றான்.

"அக்கா பட்டினியாப் போகட்டுமே அத்தான்? ஒரு முழுக்குத்தானே. மை திரும்பப் பூசலாம்."

"மை அவங்களிட்ட இருக்கு. நாள் என்னட்ட இல்லையடா."

அவள் இருந்திருந்தால் அவனையே கடலில் தள்ளியிருப்பாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தலையில தண்ணி தெளிச்சாக் காணும். எனக்கு இன்னொரு வீடு இருக்கு" என்றார். தலையில் தெளித்து, ஈரத் துவாயால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டு பிண்டம் வைத்தேன். தம்பி படலைக்கு வெளியே போய், இது திவசமே இல்லை என்று தெருவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தான்.

இலை போட்டதும் முதல் ஆளாக வந்து குந்தினான். வடையைக் கடித்தவனிடம் தீட்டு இல்லையா என்று கேட்டேன்.

"குளியாதது நீங்கள்தானே அத்தான். வடை எண்ணெயில முழுகித்தானே வந்தது."

திங்கட்கிழமை கோடு அழியாமல் மெஷினுக்குக் கீழே படுத்து, குறித்தபடி சிகிச்சையையும் முடித்தேன் என்றாலும், அந்தக் கதிர் ஊராரின் வாயை மட்டும் கருக்கியதாகத் தெரியவில்லை.