பரங்கி விதையும் வெந்நீரும்

பரங்கிக்காய் நறுக்கும் நாட்களில் என் மாமியார் விதைகளைத் தூக்கிப் போடமாட்டார். கழுவி, முறத்தில் உலர்த்தி, "இந்தா, உன் காலேஜுக்கு" என்று பொட்டலம் கட்டிக் கொடுப்பார். நான் வேலை பார்த்தது காலேஜில் அல்ல, மல்லேஸ்வரத்தைத் தாண்டி இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில். நான் திருத்தியதில்லை.

அந்த விதையிலிருந்து ஒரு புரதத்தைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தோம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் பல சிறு துண்டுகள் கூடி அமைந்தது. யூரியாக் கரைசலில் துண்டுகள் பிரிந்துவிடும். யூரியாவை மெல்ல மெல்ல விலக்கினால் அவை தாமாகவே பழையபடி பொருந்துமா என்பதுதான் என்னிடம் விடப்பட்ட கேள்வி. பொருந்தினால் பழைய படிகங்கள் மறுபடி தோன்ற வேண்டும். சூடு பட்டாலோ, அவசரப்பட்டாலோ, துண்டுகள் கண்டபடி ஒட்டிக்கொண்டு திரிந்துவிடும்.

கரைசலை ஒரு பையில் கட்டி உப்புநீரில் தொங்கவிட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். யூரியா பையின் வழியே கசிந்து வெளியேறும். புரதம் உள்ளே தங்கும். யுத்தத்தால் சீமையிலிருந்து பைகள் வருவது நின்றிருந்தது. மர்பி டவுனிலிருந்து வரும் அட்டெண்டர் சுத்தம் செய்த ஆட்டுக்குடல் கொண்டுவந்து தருவார். எங்கள் பை அதுதான்.

என் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, மார்கழிக் குளிர்தானே, வீட்டிலேயே வைத்து நீர் மாற்றுங்கள் என்றார் பேராசிரியர். பூண்டுகூட நுழையாத வீடு எங்களுடையது. பையைப் புடவை மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்து, பின்கட்டில் ஒரு வாளியில் தொங்கவிட்டேன். மாமியார் அன்றே பார்த்துவிட்டார்.

"இது என்னடிம்மா, செத்த பாம்பாட்டம் மெதக்கறது?"

"பரங்கி விதைச் சாறும்மா. ஒரு மாதிரி காகிதப் பைல கட்டியிருக்கு."

"காகிதம் தண்ணில ஊறாதோ? வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்தான், போ!"

சிரித்தேன்.

ஒருநாள் காலை குழந்தை மடியை விட்டு இறங்கவேயில்லை. ஒருவழியாகத் தூங்கவைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். வாளியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"கொழந்தை உன்னை விடமாட்டேன்னுதே, அதான் நானே தண்ணி மாத்திட்டேன்," என்றார் மாமியார். "பச்சைத் தண்ணில உனக்குக் கை வெறைச்சுப் போறதேன்னு அண்டாலேர்ந்து வெந்நீரா எடுத்து விட்டேன். நீ போடறாப்ல உப்பும் போட்டேன். சரிதானே?"

பைக்குள் எல்லாம் வெள்ளையாகத் திரிந்திருந்தது.

நான் பயந்ததெல்லாம் அவர் பையைத் தூக்கி எறிந்துவிடுவார் என்றுதான். எனக்கு உதவ வருவார் என்று நினைக்கவேயில்லை. சுடு பாலில் உறை ஊற்றிவிட்டு நான் எத்தனை முறை அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! "ஆறட்டும்டி, அவசரப்பட்டா தயிர் எப்படித் தோயும்?" என்பவர் அவர். இந்த வேலைக்கும் சூடு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பை என்னவென்று கேட்டுவிடுவாரோ என்று அதையும் சொல்லாமல் இருந்தேன்.

"என்னடி முகம் இப்படிப் போயிடுத்து? நான் ஏதாவது கெடுத்துட்டேனா?"

காரணம் சொன்னால் அவர் எதைத் தொட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தலைமுழுகிவிட்டு அன்று முழுவதும் பட்டினி கிடப்பார்.

"இல்லேம்மா," என்றேன்.

கையிருப்பில் இருந்த யூரியா அதோடு தீர்ந்தது. கப்பல் வந்தால் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். அதற்குள் குழந்தைக்கு மறுபடி காய்ச்சல். வேலையை நானே விட்டேனா, அது என்னை விட்டதா, இன்னும் எனக்குத் தெளிவில்லை. அந்தத் துண்டுகள் கூடியிருக்குமா என்பதும் தெரியாது.

நேற்றும் பரங்கிக்காய்க் கூட்டுதான். இன்று முறத்தில் விதை காய்கிறது. காய்ந்ததும் கட்டிக் கொடுப்பார். "உன் காலேஜ்ல எப்போ கூப்பிடுவா?" என்று கேட்பார். வாங்கி, முந்தைய பொட்டலங்களோடு வைப்பேன்.